முப்பத்து நான்காவது கல்

சென்ற மாதம் நம் வாசிப்புக் கூட்டத்தில் நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் பதினொரு பேர். இரண்டு பேர் பாதியில் எழுந்து போனார்கள், ஒருவர் தூங்கினார். தூங்கியவரைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று வீடு வரும்வரை யோசித்தேன். எண்ணுவது எனக்கு ஒரு வியாதி. மனைவி இருந்தவரை, நான் படி ஏறும்போது உதடு அசைவதைப் பார்த்து "எத்தனை?" என்று கேட்பாள். சொல்வேன். இப்போது கேட்க ஆளில்லை. எண்ணிக்கை மட்டும் நடக்கிறது.

நம் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மை மாத்திரையையும் ஒற்றுத்தாளையும் இளையவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்கு மூச்சு போதாது. நீங்கள் என்றால் பாதி சொன்னால் போதும்.

என்னை ஊர் சமாதானக் குழுவின் எழுத்தராக உங்களுக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறேன். அதைத் தவிர பதினெட்டுக் கதைகள் எழுதியிருக்கிறேன். அச்சில் வந்தவை மூன்று. சமாதானக் குழு என்றால் வெளியூர்க்காரர்கள் பெரிய காரியம் என்று நினைக்கிறார்கள். ஒலிபெருக்கியை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டுவது, ஊர்வலம் எந்த முக்கில் மேளத்தை நிறுத்துவது, கொடிக்கம்பத்தை எத்தனை அடி தள்ளி நடுவது, இவைதான் எங்கள் வேலை. கைப்பேசி வந்த பிறகு, காலையில் எழுந்ததும் குழுக்களில் வந்திருக்கும் வதந்திகளைப் படிப்பதும் சேர்ந்துகொண்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஒன்பது வந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் போன் போட்டு விசாரித்தேன். எட்டு பொய். மிச்சமிருந்த ஒன்று நான்கு வருடப் பழையது.

மூன்று மாதத்துக்கு முன் நடந்த கூட்டத்தில் என் பேனா நின்றுவிட்டது. மை தீரவில்லை. ஏன் நின்றது என்று சொல்ல, எனக்குப் பத்து வயதாயிருந்த ஒரு கோடை விடுமுறைக்குப் போக வேண்டும்.

எங்கள் ஊரின் நடுவே பாசனச் சானல் ஓடுகிறது. மேற்குக் கரையில் வேதக்கோவில் என்று நாங்கள் சொல்லும் சர்ச்சும் அதைச் சுற்றி எங்கள் வீடுகளும். கிழக்குக் கரையில் அம்மன் கோவிலும் அவர்கள் வீடுகளும். படித்துறை இரண்டு, பாலம் ஒன்று. பாலத்தின் நீளம் என் அன்றைய ஓட்டத்தில் இருபத்தேழு காலடி.

அப்பா பட்டாளத்தில் இருந்தார். அதனால் அம்மாவின் தம்பியான என் மாமா எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தார். அவருக்குத் திருவட்டாறில் ஆதாரம் எழுதுபவர் ஒருவரிடம் உதவியாளர் வேலை. நிலப்பத்திரத்தை எங்கள் பக்கம் ஆதாரம் என்போம். கிழக்கே இன்னது, மேற்கே இன்னது என்று நான்கெல்லை எழுதி, அதற்குள் நிற்கும் தென்னை எத்தனை, பலா எத்தனை, அயினி எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். மாமாவுக்கு அந்த வேலையில் ஒரு பெருமை இருந்தது. எல்லை ஒழுங்காக எழுதிவிட்டால் சண்டை வராது என்று நம்பினார்.

சாயங்காலம் சைக்கிளில் வந்து, குளித்து, கருப்பட்டிக் காப்பி குடித்ததும் மாமா எழுத்தாளராகிவிடுவார். அவர் நடத்தியது கையெழுத்துப் பத்திரிகை. நாற்பது பக்கம். ஒரே ஒரு பிரதி. கதை, கட்டுரை, விடுகதை, கைவைத்தியம் எல்லாவற்றையும் அவரே ஆறு புனைபெயர்களில் எழுதுவார். மை கரைப்பது என் வேலை. ஒரு குப்பிக்கு இரண்டு மாத்திரை. வெந்நீரில் போட்டதும் நீலம் நூல்நூலாக அடிக்கு இறங்கும். அது முழுக்கக் கலங்குவதற்குள் எத்தனை நூல் என்று எண்ணப் பார்ப்பேன். ஒருநாளும் முடிந்ததில்லை.

மாமாவின் கதைகள் சுமார்தான். இன்று நானும் எழுதுகிறவன் என்பதால் சொல்கிறேன். "அவள் நின்ற இடத்துக்குக் கிழக்கே கிணறு, மேற்கே வேலி" என்று எல்லை சொல்லாமல் அவரால் ஒரு பெண்ணை அழவைக்க முடியாது. ஆனாலும் இரண்டு கரையிலும் படித்தார்கள். மேற்கே பதினான்கு வீடு, கிழக்கே பன்னிரண்டு வீடு. வீட்டுக்கு இரண்டு நாள். ஒரு சுற்று முடிய ஐம்பத்திரண்டு நாள். கொண்டு கொடுப்பதும் வாங்கி வருவதும் நான். மழைக்கு நனையாமலிருக்க அம்மா பழைய குடைத்துணியில் ஒரு பை தைத்துத் தந்திருந்தாள். அந்தப் பையின் வாசனை, அதாவது பழைய மழையும் மையும் சேர்ந்த ஒரு வாசனை, எனக்கு இப்போதும் சில நாள் காலையில் காரணமில்லாமல் வரும்.

சமாதானக் குழுவையும் மாமாதான் தொடங்கினார். இங்கே மூன்று பேர், அங்கே மூன்று பேர், எழுத மாமா. ஆக ஏழு. மேற்குக் கரையில் அவரை "அந்தப் பக்கத்துக்கு ஒத்து ஊதுற ஆளு" என்பார்கள். கிழக்குக் கரையில் "என்ன இருந்தாலும் அவியளுக்க ஆளுதான" என்பார்கள். அம்மா வேறு விதமாகச் சொல்வாள்.

"ஊரு சண்டையத் தீக்கப் போறியாக்கும். சைக்கிளுக்குப் பிரேக்கு இல்லாம ஆறு மாசமாச்சு. அத மொதல்ல தீரு."

"பிரேக்கு இல்லாததுனாலதான் அக்கா நான் ரெண்டு கரைக்கும் போறேன். எங்கயும் நிக்க முடியல்ல."

இரண்டு கரைக்கும் பொதுவாக ஒரு பொருள் இருந்தது. அம்மன் கோவிலின் வார்ப்பு. வெண்கலத்தில் வார்த்த பெரிய பாத்திரம். காதில் மூங்கிலைச் செருகி நான்கு பேர் தூக்க வேண்டும். கொடைத் திருவிழாவுக்கு அதில்தான் பாயசம் காய்ச்சுவார்கள். ஈஸ்டர் முடிந்து எங்கள் வேதக்கோவிலில் அசனம் நடக்கும். ஊருக்கே சோறு. அன்று சோறு வடிக்க அந்த வார்ப்பைக் கடன் தருவார்கள். எந்தக் காலத்தில் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. மூன்று நிபந்தனைகள். வார்ப்பில் சோறு மட்டும் பொங்க வேண்டும், இறைச்சி ஆகாது. பொழுது சாயும் முன் திருப்பித் தர வேண்டும். வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது, உள்ளே ஒரு குலை வாழைப்பழம் வைக்க வேண்டும்.

வார்ப்போடு கூடவே ஓர் அண்ணன் வருவார். பதினெட்டு வயது. அதைத் தேய்ப்பதும் காப்பதும் கோவிலில் அவர் பொறுப்பு. வார்ப்புக்கார அண்ணன் என்றுதான் எங்களுக்கு அவரைத் தெரியும். சாம்பலும் புளியும் போட்டு, வார்ப்புக்குள்ளேயே இறங்கி நின்று தேய்ப்பார். தேய்த்து முடித்ததும் முட்டியால் ஒரு தட்டு. அந்த நாதம் அடங்கும்வரை நான் எண்ணுவேன். பத்தொன்பது வரை போகும்.

அந்த வருட அசனத்தில் அம்மா என்னை மணிக்கூண்டுப் படியில் உட்காரச் சொன்னாள். கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக. இருபத்திரண்டாவது படியில் ஒரு சன்னல். அங்கிருந்து இரண்டு கரையும் தெரியும். அதில் உட்கார்ந்து எத்தனை பந்தி உட்கார்கிறது என்று எண்ணினேன். பந்திக்கு ஒரு கல். சானலில் பொறுக்கிய உருளைக்கற்கள், ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு. சன்னல் திண்டில் வரிசையாக வைத்தேன். மூன்று மணிக்குள் ஒன்பது கற்கள் ஆகிவிட்டன.

கீழே சானலை ஒட்டிய மதிலோரம் அடுப்புகள். கடைசிச் சோற்றை வடித்து வார்ப்பைச் சரித்து வைத்திருந்தார்கள். வேறொரு அடுப்பில் ஆட்டுக்கறி. கறிக்கரண்டியை யாரோ கை மறதியாக வார்ப்பின் விளிம்பில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது. பாலத்தில் போன ஒருவர் அதைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் கிழக்குக் கரை முழுவதும் அம்மன் வார்ப்பில் கறி வைத்துவிட்டார்கள் என்று ஆகிவிட்டது. கைப்பேசி இல்லாத காலம். இருந்தாலும் அரை மணி நேரம்தான்.

சானலின் அந்தப் பக்கம் ஆட்கள் சேர்ந்தார்கள். இந்தப் பக்கமும் சேர்ந்தார்கள். முதலில் வாய். பிறகு கல். எந்தக் கரையில் இருந்து முதல் கல் வந்தது என்று நான் பார்க்கவில்லை. அப்போது ஒன்பதாவது பந்தியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா பாலத்தின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். வேட்டியெல்லாம் குழம்பு. பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடியிருக்கிறார். ஏதோ சத்தமாகச் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. ஒரு கல் வந்து அவர் இடது புருவத்தில் பட்டது. அவர் குனிந்து முகத்தைப் பொத்தினார். விரல் இடுக்கில் சிவப்பு தெரிந்தது.

ஒன்பதாவது கல் என் கையில் இருந்தது. கிழக்குக் கரையைப் பார்த்து எறிந்தேன். பத்து வயதுக் கை. அது சானல் வரைக்கும் போகவில்லை.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று அறுபத்து மூன்று வருடமாகத் தெரியவில்லை. கோவில் மணி போலத் தொடங்கி, நடுவில் நாதம் கிழிந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு இருந்த வார்ப்பில் யாரோ அப்போதுதான் சானல் தண்ணீரைக் கொட்டியிருந்தார்கள். நேராக விளிம்பில் விழுந்த என் கல் ஒரு முழ நீளத்துக்கு அதைப் பிளந்துவிட்டது.

இரண்டு கரையும் நின்றுவிட்டன. வேதக்கோவில் மணி அடித்ததாகவே பலரும் நினைத்தார்கள். ஓங்கிய கைகள் அப்படியே இறங்கின. சண்டை அதோடு முடிந்தது. என் கல்தான் அதை முடித்தது என்று பின்னால் பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒருமுறையும் மனம் ஒப்பவில்லை.

கூட்டம் கலைந்ததும் கீழே இறங்கினேன். என் கல் வார்ப்பின் அருகே கிடந்தது. எறியப்பட்ட மற்றவை எல்லாம் மூலை உடைந்த செம்மண் கற்கள். இது மட்டும் வழவழப்பாக இருந்தது. எடுத்துச் சானலில் போட்டேன். சன்னலில் எட்டுக் கற்கள் மிச்சம். மாமா புருவத்தில் துணியை அழுத்திக்கொண்டே "எத்தன பந்தி ஆச்சுலே?" என்று கேட்டார். ஒன்பது என்றேன். எட்டுக் கல்லை வைத்துக்கொண்டு ஒன்பது என்று சொன்னதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் பெரியவர்கள் யாரும் பாலத்தைக் கடக்கவில்லை. குடைத்துணிப் பையோடு போகும் என்னை மட்டும் இரண்டு பக்கமும் தடுக்கவில்லை. மாமா என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பக்கமும் எத்தன கல்லு கெடக்குன்னு எண்ணிற்று வா. எங்க எங்க கெடக்குன்னு படம் போட்டுட்டு வரணும், கேட்டியா."

எண்ணினேன். எங்கள் மதிலுக்குள் பதினேழு. புளியமரத்தடியில் ஒன்பது, அடுப்புகளின் பக்கம் நான்கு, கிணற்றடியில் நான்கு. அம்மன் கோவில் முற்றத்தில் பதினாறு. மொத்தம் முப்பத்து மூன்று. மாமா படத்தைப் பார்த்து அம்மாவிடம் சொன்னார்.

"இவனுக்கு எண்ணத்துல பொய் வராது அக்கா."

ஒன்பது நாள் கழித்து இருபத்தொன்பதாவது இதழ் தயாரானது. நடுப்பக்கத்தில் அசனத்தன்று நடந்ததைப் பற்றிய கட்டுரை. அதை மாமா தன் சொந்தப் பெயரில் எழுதினார். அது ஒன்றுதான் அவர் சொந்தப் பெயரில் எழுதியது. எழுதி முடித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். நான் அருகில் இருந்தேன். வாசகங்கள் கிட்டத்தட்ட நினைவிருக்கின்றன. கிழக்கே சானல், மேற்கே மணிக்கூண்டு, தெற்கே கிணறு, வடக்கே புளி. இந்த எல்லையில் கிடந்தவை பதினேழு. தன் வீட்டுக்குள் எவனும் கல்லெறிய மாட்டான், ஆகவே இவை வெளியிலிருந்து வந்தவை. வார்ப்பு இருந்ததும் இதே எல்லைக்குள். ஆகவே அதை உடைத்த கல்லும் வெளியிலிருந்து வந்ததே. அயலார் யாரும் அம்மன் வார்ப்புக்குச் சேதம் செய்யவில்லை. எனவே பகைக்குக் காரணமில்லை.

ஆதாரம் எழுதுகிற மனிதர், கல் கிடந்த எல்லையைப் பார்த்து எறிந்த கையின் எல்லையை முடிவு செய்துவிட்டார். கிழக்குக் கரைக்காரர்கள் இதைப் படித்து நிம்மதி அடைவார்கள் என்று உண்மையாகவே நினைத்தார்.

"பதினேழுதானலே?" என்று என்னைக் கேட்டார்.

"பதினேழுதான் மாமா."

வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். எண்ணிக்கையில் பொய் இல்லை. எண்ணாமல் விட்டதை அவர் கேட்கவில்லை. எனக்கு மாமாவிடம் பயம் கிடையாது, நம்புங்கள். "எண்ணத்துல பொய் வராது" என்று அவர் சொன்ன அந்த வார்த்தையை இழக்கத்தான் மனமில்லை.

மரியாதைக்காக இதழை முதலில் கிழக்குக் கரைக்கே அனுப்பினார். முதல் வீடு கோவில் தலைவருடையது. இரண்டு நாள் கழித்து வாங்கப் போனபோது தலைவர் வாசலிலேயே நின்றார்.

"ஒனக்க மாமன் எப்பவும் நல்லா எழுதுவாரு. இந்தத் தடவ ரொம்ப நல்லா எழுதிட்டாரு. நாங்களே எங்க அம்மைக்க வார்ப்ப ஒடச்சோமாம். போய்ச் சொல்லு, ஊரு கூட்டத்துல வாசிச்சுக் கேட்டோம்னு."

நடுப்பக்கம் பிளேடால் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. மீதி முப்பத்தெட்டுப் பக்கங்களைப் பையில் போட்டுக்கொண்டு பாலத்தில் வந்தேன். மேற்குக் கரையில் கதை வேறாக இருந்தது. "அவிய பதினேழு, நாம பதினாறு" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள். ஒரு கல் குறைவாக எறிந்ததில் எங்கள் ஆட்களுக்கு ஒரு வெற்றி.

கிழக்குக் கரைக் கூட்டத்தில், உடைத்தது நம் ஆள் என்றால் யார் என்ற கேள்வி எழுந்திருக்கிறது. எறிந்தவர்களில் எவரும் எழவில்லை. வார்ப்புக்கார அண்ணன் மட்டும் எழுந்து, நான் ஒரு கல் எறிந்தேன் என்றார். ஒன்றே ஒன்று. சாப்பிட வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், தன் காவலில் இருந்த வார்ப்பில் கறி என்று கேட்டதும் பொறுக்காமல் கிழக்குக் கரையிலிருந்து எறிந்த கல். வார்ப்பின் பொறுப்பு அன்றோடு போயிற்று. கோவிலுக்குள் வரவேண்டாம் என்றார்கள். அவர் வீட்டில் யாரும் அவரோடு பேசவில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

பள்ளி திறப்பதற்கு நான்கு நாள் முன்பு அவரைப் பஸ் நிற்கும் இடத்தில் பார்த்தேன். தகரப் பெட்டியோடு நின்றார். கீரிப்பாறைப் பக்கம் மலையில் ரப்பர் பால் வெட்டும் வேலைக்கு உறவினர் ஒருவர் கூப்பிட்டிருந்தாராம். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டி அழைத்தார்.

"மக்கா, அன்னைக்கி அந்தச் சத்தம் நீ கேட்டியா?"

தலையாட்டினேன்.

"எனக்கு இன்னும் காதுக்குள்ள நிக்கு."

பஸ் வந்தது. பெட்டியை மேலே ஏற்ற ஆள் இல்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் சன்னல்களை எண்ணினேன். ஏழு. அவர் ஐந்தாவதில்.

சமாதானக் குழு அதோடு கலைந்தது; இப்போதுள்ளது பல வருடம் கழித்துப் புதிதாகத் தொடங்கியது. பதினொரு வருடம் கிழக்கிலிருந்து அசனத்துக்கு யாரும் வரவில்லை. வார்ப்பு கோவில் சாமான் அறைக்குள் போயிற்று. இரண்டு பக்கமும் வாடகை அலுமினிய அண்டா. முப்பதாவது இதழ் வரவேயில்லை. மாமா ஆதாரம் எழுதுவதோடு நிறுத்திக்கொண்டார். சில நாள் சாயங்காலம் அந்தக் கட்டுரையின் முதல் வரைவை எடுத்து வரிவரியாக விரல் வைத்துப் படிப்பார். புருவத்துத் தழும்பைத் தேய்த்துக்கொண்டு, "இதுல எங்கயோ ஒரு பெசகு உண்டு. எங்கன்னுதான் பிடி கிடைக்கல்ல" என்பார். ஐம்பத்தெட்டாவது வயதில் இறந்தார். அவருக்குப் பிடி கிடைக்கவில்லை. அந்தத் தாளும் குடைத்துணிப் பையும் எந்த வீடு மாற்றத்தில் போயின என்று எனக்குத் தெரியவில்லை.

இனி அந்த மூன்று மாதத்துக்கு முந்தைய கூட்டம்.

கைப்பேசியில் வந்த ஒரு படத்தை வைத்து இரண்டு கரைப் பையன்களும் முறைத்துக்கொண்டார்கள். ஒரு பைக்கின் கண்ணாடி உடைந்தது. சமுதாய நலக்கூடத்தில் பத்தொன்பது பையன்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நர்ஸம்மா. அவர் பேசினார், நான் பேசினேன். பையன்கள் மடியில் கைப்பேசியை வைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கிழக்குக் கரையின் புதுப் பிரதிநிதியாக வந்திருந்தவர் கம்பை ஊன்றி எழுந்தார். எண்பத்தொரு வயது. மலையை விட்டு மகன் வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. அவர் எழுந்து நின்ற விதத்தில்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. வார்ப்புக்கார அண்ணன்.

"பிள்ளைகளே, நான் ஆயுசுல ஒரு கல்லுதான் எறிஞ்சேன். அது எங்க அம்மைக்க வார்ப்ப ஒடச்சுப் போட்டு. அன்னையிலேந்து பாயசம் நான் வாயில வெச்சதில்ல. எனக்க கல்யாணத்துக்கும் வெக்கல்ல, பேரன் பொறந்ததுக்கும் வெக்கல்ல. கையில இருக்கும்போ கல்லு நம்ம சொல்லக் கேக்கும். விட்டா கேக்காது."

பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பத்தொன்பது பேரும். இருபத்தாறு வருடத்தில் ஒரு கூட்டத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை.

நர்ஸம்மா என் பக்கம் குனிந்தார். "அண்ணாச்சி, இத அப்படியே எழுதிக்கிடுங்க. அடுத்த ஊருக்கும் இவிய வந்து பேசட்டும்."

'அவர் எறிந்த கல்' வரை எழுதினேன். அதற்கு மேல் பேனா போகவில்லை. எழுதினால் அவர் மேல் அந்தப் பழி விழுவது என் கையால் இரண்டாவது முறை. பேசாமல் இருந்தால் அந்தப் பத்தொன்பது பையன்களுக்கு அந்தப் பேச்சு நன்மைதான் செய்யும். அப்படியும் யோசித்தேன், மறைக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினேன்.

மறுநாள் காலையில் பாலத்தைக் கடந்தேன். இப்போதைய நடையில் நாற்பத்தொரு காலடி. அவர் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். மருமகள் மரச்சீனிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். மணிக்கூண்டு, இருபத்திரண்டாவது படி, ஒன்பதாவது கல், மாமாவின் புருவம், சானலில் போட்டது, எல்லாம். சீவுகிற சத்தம் நடுவில் நின்றது.

அவர் நெடுநேரம் என் கைகளையே பார்த்தார்.

"பத்து வயசுல தெரிஞ்ச காரியம். எழுவத்தி மூணு வயசு வரைக்கும் தொண்டையிலயே நின்னுதாக்கும்?"

"நின்னுது அண்ணே."

"ஊருல எத்தன சண்டையத் தீத்து வெச்சிருப்ப இதுக்கெடையில?"

எனக்கு எண்ணிக்கை தெரியும். சொல்லவில்லை.

"ஒனக்க மாமனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பம் அவரும் அறியாமலே போனாரு." பிறகு குரல் மாறிக் கேட்டார். "அப்பம் எனக்க கல்லு? அது எங்க போச்சு?"

"நீங்க எங்க நின்னீங்க?"

"எங்க கரையில, படித்துறைக்குத் தெக்க."

"அப்பிடின்னா கிணத்தடியில கெடந்த நாலுல ஒண்ணு. அங்க ஆளும் இல்ல, பாத்திரமும் இல்ல. யாருக்கும் ஒண்ணும் படல அண்ணே."

"யாருக்கும் படல்ல."

"படல."

கம்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். என்னை அடித்தாலும் நின்றிருப்பேன். மருமகளைப் பார்த்து, "ஏட்டி, கொடைக்கு இன்னும் எத்தன நாளு?" என்று கேட்டார். பன்னிரண்டு என்றாள்.

என்னிடம் சொன்னார்: "வாயால சொன்னது காத்தோட போவும். எழுதித் தா. ஒனக்க மாமன் எழுதுவாரே, அதே மாதிரி எல்ல போட்டு எழுதித் தா. ஊருல வாசிக்கணும். எனக்க பேரு போடாண்டாம்."

மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். ஏழு முறை எழுதி ஏழு முறை கிழித்தேன். எல்லாவற்றிலும் பத்து வயது, பிள்ளை, தெரியாமல் என்ற சொற்கள் வந்துகொண்டே இருந்தன. மாமா எழுதிய ஆதாரங்களில் அப்படிப்பட்ட சொற்கள் இருக்காது.

பதிமூன்றாம் நாள் காலையில் அவர் மருமகள் பாலத்தைக் கடந்து வந்தாள். கையில் ஒரு தூக்குவாளி.

"எங்க மாமா குடுத்து விட்டாவ. மீதிய அவிய குடிச்சாச்சு."

பாதி வாளி பாயசம். நின்றபடியே ஒரு வாய் குடித்தேன். கருப்பட்டி கொஞ்சம் தூக்கல். மிச்சத்தைப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டுத் தூக்குவாளியைக் கழுவினேன். வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது. வீட்டில் இருந்த ஒரு சீப்பு வாழைப்பழத்தை உள்ளே வைத்தேன். அவளை உட்காரச் சொல்லிவிட்டு எட்டாவது முறையாக எழுதினேன். கால் பக்கம் போதுமாயிருந்தது. அதை மடித்துப் பழத்தின் மேல் வைத்தேன். அவர் சொன்னபடி அதை இங்கேயும் வாசிக்கிறேன்.

கிழக்கே சானல், மேற்கே மணிக்கூண்டு, தெற்கே கிணறு, வடக்கே புளி. இந்த நான்கெல்லைக்குள் அசனத்தன்று விழுந்த கற்கள் பதினெட்டு. அவற்றில் பதினேழு கிழக்கிலிருந்து வந்தவை. அவற்றில் ஒன்றும் வார்ப்பில் படவில்லை. பதினெட்டாவது மேற்கிலிருந்து, மணிக்கூண்டின் சன்னலிலிருந்து, என் கையிலிருந்து வந்தது. வார்ப்பை உடைத்தது அது. அம்மன் கோவில் முற்றத்தில் விழுந்தவை பதினாறு. ஆக மொத்தம் முப்பத்து நான்கு.